உடைந்த இடத்தை மறைக்காத புத்தகங்கள்: மெசபடோமியாவைப் படிக்க எதை வாங்கலாம்?

மெசபடோமியாவின், அதாவது பழைய இராக்கின், கில்காமேஷ் காவியம் கடையில் கைக்குக் கிடைத்தால் முதல் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். களிமண் பலகைகளில் எழுதிய காவியம் இது, ஒரு பலகை ஓர் அத்தியாயம் மாதிரி. நேரே ஐந்தாம் பலகைக்குப் போங்கள். அரசன் கில்காமேஷும் அவன் தோழன் என்கிடுவும் தேவதாருக் காட்டின் விளிம்பில் நின்று அண்ணாந்து பார்க்கிற இடம் அது. மரங்களின் உயரத்தைச் சொல்லிக் கொஞ்ச தூரம் போனதும் பேச்சு அறுந்துவிட்டால் அது பழைய பதிப்பு. காட்டுப்புறா முனக, இன்னொரு புறா பதில் கொடுக்க, சில்வண்டு இரைய, தாய்க்குரங்குகள் பாட, குட்டிக்குரங்கு கிறீச்சிட, அரசன் முன்னால் வாத்தியக்காரர்கள் வாசிப்பதுபோல காட்டைக் காக்கும் ஹும்பாபா முன்னால் தினமும் ஒரு கச்சேரி நடக்கிறது என்று வந்தால் அது புதிது. அந்த வரிகள் உள்ள களிமண் பலகையை 2011-இல் இராக்கின் சுலைமானியா அருங்காட்சியகம் வாங்கியது. ஃபாரூக் அல்-ராவியும் ஆண்ட்ரூ ஜார்ஜும் அதைப் படித்து 2014-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் அச்சான எந்தப் பதிப்பிலும், மொழிபெயர்த்தவர் எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும், அந்தக் குரங்குகள் கிடையாது.

குரங்குகள் வந்ததால் கதையும் மாறிவிட்டது. அதுவரை ஹும்பாபா வெறும் காட்டு அரக்கன். இப்போது அவனுக்கு ஒரு அரண்மனை வாழ்க்கை இருக்கிறது. அவனைக் கொன்று மரங்களை வெட்டிச் சாய்த்த பிறகு, காட்டைப் பாழாக்கிவிட்டோமே, நிப்பூர் நகரில் குடியிருக்கும் பெருந்தெய்வம் என்லிலுக்கு என்ன பதில் சொல்வோம் என்று என்கிடு கேட்பதும் இந்தப் பலகை தெளிவாக்கிய இடம்தான். இருபது வரி கூடியதும் வீரச்செயல் குற்றமாகிவிட்டது.

பழைய நாட்டைப் பற்றிய புத்தகம் பழசாக ஆக மதிப்புக் கூடும் என்று ஒரு நினைப்பு நம்மிடம் உண்டு. மெசபடோமியா விஷயத்தில் அது செல்லாது. படிக்கப்படாத பலகைகள் மண்ணுக்குள்ளும் அருங்காட்சியக இழுப்பறைகளிலும் இன்னும் குவிந்து கிடக்கின்றன. ஒன்றைப் படித்து முடித்ததும் எங்கோ ஒரு பழைய புத்தகத்தில் ஒரு பக்கம் பிசகிவிடும். அதனால் இந்தப் புத்தகங்களை உரசிப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். எப்போது அச்சானது? தனக்குத் தெரியாத இடத்தைப் படிப்பவருக்குக் காட்டுகிறதா, பூசி மெழுகிவிடுகிறதா?

ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஆண்ட்ரூ ஜார்ஜ் மொழிபெயர்த்த பென்குயின் கில்காமேஷை வாங்கலாம். ஆனால் 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பாக இருக்க வேண்டும். முதற்பதிப்பு 1999-இல் வந்தது. இரண்டுக்கும் தலைப்பு ஒன்று, ஆசிரியர் ஒருவர் என்பதால் இணையக் கடைகளில் இரண்டும் கலந்தே விற்கும். அட்டைப்படம் ஒன்று, வீட்டுக்கு வருவது வேறொன்று என்பதும் சகஜம். படத்தை நம்பாமல் ஐஎஸ்பிஎன் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். நேரில் வாங்கினால் உரிமைப் பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள்.

இந்தப் புத்தகத்தின் அடுக்குமுறை தெரியாமல் உள்ளே போகிறவர்கள் பாதியில் குழம்பிவிடுவார்கள். முதலில் வருவது சின்-லேகி-உன்னின்னி என்ற புலவர் பெயரில் வழங்கும் 12 பலகை வடிவம், சுமார் 3000 வரி. அடுத்து, அதைவிடப் பல நூற்றாண்டு மூத்த பழைய பாபிலோனியத் துண்டுகள். பிறகு மற்ற இடங்களில் கிடைத்த அக்காதியத் துண்டுகள் (அக்காதியம் பாபிலோனியர் பேசிய மொழி). கடைசியில், அந்த நாட்டின் இன்னொரு பழைய மொழியான சுமேரியத்தில் ஐந்து கவிதைகள். அங்கே நாயகன் பெயரே பில்கமேஸ். கதையாக வேண்டுமானால் 1 முதல் 11 வரை படித்து நிறுத்திக்கொள்ளுங்கள். ஏழாம் பலகையில் நோயில் விழுந்து செத்துப்போன என்கிடு பன்னிரண்டாம் பலகையில் உயிரோடு வந்து நிற்பான். அச்சுப் பிழை இல்லை. பன்னிரண்டாவது, ஒரு சுமேரியக் கவிதையின் பின்பாதியை அக்காதியத்தில் மொழிபெயர்த்துக் கடைசியில் ஒட்டியது.

இனி அடைப்புக்குறிகள். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். பக்கம் முழுக்கச் சதுர அடைப்பு, சாய்வெழுத்து, புள்ளிகள், நட்சத்திரக் குறிகள். இவற்றைத் தாண்டிக் கண்ணை ஓட்டினால் புத்தகத்தின் பாதி மதிப்பு போயிற்று. சதுர அடைப்புக்குள் நேரெழுத்தில் இருந்தால், பலகை அங்கே உடைந்திருக்கிறது, ஆனால் அங்கு என்ன இருந்தது என்பதில் சந்தேகமில்லை என்று பொருள். இந்தக் காவியம் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். காட்டுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு கனவுக்கு முன்னாலும் இருபது காதத்தில் ரொட்டி பிட்டார்கள், முப்பது காதத்தில் தங்கினார்கள் என்ற அதே வரிகள் வரும். ஓரிடத்தில் முழுசாகக் கிடைத்தால் மற்ற இடங்களின் ஓட்டைகளை அதை வைத்து அடைத்துவிடலாம். அடைப்புக்குள் சாய்வெழுத்து இருந்தால் அது ஊகம். அடைப்பே இல்லாத சாய்வெழுத்து என்றால் எழுத்து இருக்கிறது, படித்தது சரியா என்பதுதான் நிச்சயமில்லை. நட்சத்திரக் குறிகள் வந்தால் வரிகளே போய்விட்டன. மேற்கோள் எடுத்துக் கட்டுரை எழுதுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். மொழிபெயர்ப்பாளர் ஊகமாக வைத்த சொல்லைத் தூக்கி நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய வாக்கு என்று போட்டுவிடுகிறார்கள்.

மின்னூலாக வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கைப்பேசித் திரையில் வரி மடங்கி, எது கவிதை வரி, எது மடிந்த வரி என்று தெரியாமல் போகும். எழுத்தின் அளவைக் குறைத்துத் திரையைப் படுக்கவைத்துப் படிக்க வேண்டியிருக்கும். இந்த நூலுக்குத் தாள்தான் தோது.

நான்சி சாண்டர்ஸின் உரைநடைக் கில்காமேஷ் 1960-இல் பென்குயினிலேயே வந்தது. பல தலைமுறைக்குக் கில்காமேஷ் என்றாலே அதுதான். படிக்க வழுக்கிக்கொண்டு போகும். அதன் சங்கடமும் அந்த வழுக்கல்தான். சாண்டர்ஸ் ஆப்பெழுத்துப் பலகைகளிலிருந்து (ஈரக் களிமண்ணில் ஆப்பு வடிவில் அழுத்திய எழுத்து) நேரே மொழிபெயர்க்கவில்லை. மற்றவர்கள் செய்த மொழிபெயர்ப்புகளைக் கோத்து ஒரே கதையாக்கினார். வெவ்வேறு நூற்றாண்டுப் பலகைகள் அதில் தையல் தெரியாமல் சேர்ந்திருக்கின்றன.

இந்தத் தையல் என்ன செய்யும் என்பதற்குச் சித்துரி நல்ல சாட்சி. கடலோரத்தில் கள்ளுக்கடை வைத்திருப்பவள். சாவுக்கு மருந்து தேடி அலைகிற கில்காமேஷிடம் சொல்கிறாள்: வயிறாரச் சாப்பிடு, இரவும் பகலும் ஆடிப்பாடு, துவைத்த துணி உடுத்து, தலைக்குக் குளி, கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையைப் பார். காவியத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படும் இடங்களில் ஒன்று. சாண்டர்ஸில் அது கதையின் ஓட்டத்திலேயே வரும். அதைத் தேடிக்கொண்டு ஜார்ஜின் பத்தாம் பலகைக்குப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அங்கே சித்துரி, இந்தக் கடலைக் கடந்தவர் யாருமில்லை, சூரிய தேவன் ஷமாஷ் ஒருவன்தான் கடக்கிறான் என்கிறாளே தவிர இந்த அறிவுரையைச் சொல்வதில்லை. அது பழைய பாபிலோனிய வடிவத்தில் மட்டும் இருக்கிறது. அந்தப் பலகையும் இரண்டு துண்டாகி ஒன்று பெர்லினிலும் ஒன்று லண்டனிலும் கிடக்கிறது. பின்னால் வந்த புலவர் சித்துரியின் வாயிலிருந்து அதை ஏன் எடுத்தார் என்பது காவியத்தின் முக்கியமான கேள்விகளில் ஒன்று. சாண்டர்ஸை மட்டும் படித்தவர்களுக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

ஸ்டீஃபன் மிட்செலின் 2004-ஆம் ஆண்டு வடிவமும் இதே ரகம். அவரும் அக்காதியம் படிக்கிறவர் இல்லை, அதை அவரே முன்னுரையில் சொல்லிவிடுகிறார். மேடையில் வாசிக்க, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல எடுத்துக்கொள்ளலாம். ஆதாரமாகக் காட்டக் கூடாது. சோஃபுஸ் ஹெல்லேயின் 2021 மொழிபெயர்ப்பு வேறு வகை. அவர் மூலத்திலிருந்தே செய்தவர், புதிய துண்டுகளும் உண்டு, கவிதையின் வேகமும் உண்டு. ஜார்ஜுக்குப் பிறகு இரண்டாவதாக ஒன்று வாங்கினால் அது.

ஸ்டெஃபனி டாலியின் ‘மித்ஸ் ஃப்ரம் மெசபடோமியா’ (1989, திருத்தம் 2000) தொகுப்பில் கில்காமேஷும் இருக்கிறது. அதற்காக வாங்க வேண்டாம், குரங்குகள் வராது. வெள்ளக் கதையான அத்ரஹாசிஸுக்காகவும் படைப்புக் கதையான ஏனூமா ஏலிஷுக்காகவும் வாங்குங்கள். அத்ரஹாசிஸ் கதையில் கால்வாய் வெட்டி வெட்டிச் சலித்த சிறு தெய்வங்கள் மண்வெட்டியைத் தீயில் போட்டுவிட்டு என்லிலின் வாசலில் வேலைநிறுத்தம் செய்கின்றன. அவர்களுக்குப் பதிலாகப் பாடுபடத்தான் களிமண்ணோடு கொன்ற தெய்வம் ஒன்றின் இரத்தத்தைக் குழைத்து மனிதனைப் படைக்கிறார்கள். மனிதர் பெருகிச் சத்தம் கூடியதும் என்லிலுக்குத் தூக்கம் போய்விடுகிறது. கொள்ளைநோய், வறட்சி, கடைசியில் வெள்ளம். மூன்று பலகைக்குமாக 1245 வரி என்று எழுதியவரே கடைசியில் எண்ணிக் குறித்திருக்கிறார். நம்மிடம் எத்தனை வரி குறைகிறது என்று கணக்குப் பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் வேண்டாம். டாலியின் குறிப்புகள் ஒவ்வொரு கதைக்கும் பின்னால் இருக்கின்றன. ஒரு விரலை அங்கே செருகிவைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

வெள்ளம் என்றதும் இர்விங் ஃபிங்கல். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆப்பெழுத்துப் பலகைகளைப் பார்த்துக்கொள்பவர். 2014-இல் வந்த அவருடைய ‘தி ஆர்க் பிஃபோர் நோவா’ கைப்பேசி அளவே உள்ள ஒரு பலகையைப் பற்றியது, மொத்தம் 60 வரி. வெள்ளத்துக்குத் தப்பக் கட்டச் சொன்ன படகு வட்டமானது என்கிறது அந்தப் பலகை. அடிப்பரப்பு 3600 சதுர மீட்டர், சுவர் உயரம் 6 மீட்டர். பனைநார்க் கயிற்றைச் சுருள் சுருளாகச் சுற்றிக் கூடைபோலப் பின்னி, மேலே நிலக்கீல் பூச வேண்டும். எவ்வளவு கயிறு வேண்டும் என்று கணக்குப் போட்டால் 527 கிலோமீட்டர் வருகிறது. கணக்கு முழுவதும் பின்னிணைப்பில் இருக்கிறது, விருப்பமிருந்தால் பேனாவோடு உட்கார்ந்து சரிபார்க்கலாம்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு இந்தப் புத்தகத்தின் நடு அத்தியாயங்கள் சட்டென்று பிடிபடும். இப்படிப்பட்ட வட்டப் படகுக்கு இராக்கில் குஃபா என்று பெயர். நம்முடைய பரிசல் மூங்கில் சட்டத்தின் மேல் தோலோ பிளாஸ்டிக் தாளோ போர்த்தித் தார் பூசுவது, குஃபா கயிற்றுச் சுருள். கட்டுமானம் வேறு, வட்டம் ஒன்றுதான். வட்டப் படகுக்கு முன்னும் பின்னும் கிடையாது, தானாக ஓரிடத்துக்குப் போய்ச்சேராது. ஆனால் வெள்ளத்தில் மிதந்துகொண்டிருந்தால் போதும் என்ற வேலைக்கு அதற்கு மிஞ்சியது இல்லை. ஆவணப்படம் ஒன்றுக்காக இந்தப் பலகையின் செய்முறைப்படி சிறிய அளவில் ஒரு படகைக் கேரளத்தில்தான் கட்டிப் பார்த்தார்கள்.

ஃபிங்கல் புத்தகத்தின் உச்சம், கில்காமேஷின் பதினோராம் பலகையில் வரும் படகு பற்றிய பகுதி. அங்கே அந்தப் படகு கனசதுரம்: நீளம், அகலம், உயரம் மூன்றும் 120 முழம். அப்படி ஒன்று தண்ணீரில் எப்படி நிற்கும் என்று எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தார்கள். வட்டம் எப்படிச் சதுரமாகத் திரிந்தது என்பதை ஃபிங்கல் படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறார். குறை என்றால் அவருடைய வாய்தான். இரண்டு பக்கத்தில் முடிவதற்கு எட்டுப் பக்கம் எடுத்துக்கொள்வார், நடுவில் நகைச்சுவை வேறு. சிலருக்குப் பிடிக்கும். அவசரக்காரர்கள் பலகையின் மொழிபெயர்ப்பையும் பின்னிணைப்பையும் மட்டும் படித்தாலும் நஷ்டமில்லை.

வரலாற்றுக்கு வருவோம். மார்க் வான் டி மீரூப்பின் ‘எ ஹிஸ்டரி ஆஃப் தி ஏன்ஷியன்ட் நியர் ஈஸ்ட்’ கல்லூரிப் பாடநூல். சுமார் கி.மு. 3000 முதல் 323 வரை. மூன்றாம் பதிப்பு (2016) அல்லது அதற்குப் பிந்தியது வாங்குங்கள். அறிஞர்களுக்குள் ஒத்துப்போகாத இடங்களைத் தனிப் பெட்டிகளில் போட்டு விவாதிப்பது மூன்றாம் பதிப்பின் பலம். பின்னால் அரசர் பட்டியல் உண்டு. மதமும் இலக்கியமும் தொட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான்.

ஜார்ஜ் ரூவின் ‘ஏன்ஷியன்ட் இராக்’ சுவையில் இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இராக்கில் எண்ணெய் நிறுவனத்தில் வேலைபார்த்த மருத்துவர் எழுதியது. ஆறு, சேறு, நாணல், பேரீச்சை பற்றிய முதல் அத்தியாயங்களுக்கு இன்றைக்கும் ஈடில்லை. ஆனால் கடைசித் திருத்தம் 1992. அந்த வயதுப் புத்தகங்களில் உப்புக் கதையைக் கவனமாகப் படியுங்கள். பாசனத்தால் மண்ணில் உப்பேறியது, அதனால் கோதுமை போய் பார்லி வந்தது, சுமேர் வீழ்ந்தது என்ற வாதத்தை யாக்கப்சனும் ஆடம்ஸும் 1958-இல் வைத்தார்கள். அது பாடப்புத்தகம் வரை போய்விட்டது. 1985-இல் மார்வின் பவல் அந்த ஆதாரங்களையே எடுத்துக் குடைந்து, அவ்வளவு நேராக முடிவுகட்ட முடியாது என்று காட்டினார். உப்பேறிய வயல் உண்மை. ஒரு நாகரிகமே அதனால் விழுந்தது என்பதுதான் வழக்கில் இருக்கிறது. எந்தப் புத்தகமாவது இதை ஒரே வரியில் தீர்ப்பாகச் சொன்னால் மற்ற தீர்ப்புகளையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

அமெலி கூர்ட்டின் இரண்டு தொகுதிகள் (1995) விலை கூடுதல், நடை வறட்சி. ஆனால் எந்தக் காலத்தைத் தொட்டாலும், அதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது, எது இல்லை என்பதில்தான் தொடங்குவார். அந்த ஒரு பழக்கத்துக்காகவே நூலகத்தில் தேடிப் படிக்கலாம்.

இரண்டு வரலாற்று நூல்களை அருகருகே வைத்துப் படிப்பவர்கள் ஆண்டுக் கணக்கில் சிக்குவார்கள். ஒன்றில் பாபிலோன் அரசர் ஹம்முராபி கி.மு. 1792–1750, இன்னொன்றில் 1728–1686. யாரும் தவறாக அச்சிடவில்லை. முன்னது ‘மத்திய அட்டவணை’, பின்னது ‘கீழ் அட்டவணை’. பாபிலோனின் அம்மிசதூக்கா அரசர் காலத்தில் வெள்ளிக் கோள் தெரிந்த, மறைந்த நாட்களைக் குறித்த பலகைதான் இதற்கெல்லாம் அடிப்படை. அந்தக் கோளின் தோற்றங்கள் சுழற்சியாகத் திரும்ப வருவதால் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் பொருந்துகின்றன. அதனால்தான் வித்தியாசம் சுளையாக 64 வருஷம். பாபிலோன் வீழ்ச்சி 1595 என்றால் மத்தியம், 1531 என்றால் கீழ், 1499 என்றால் அதற்கும் கீழ். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பென்சிலால் எந்த அட்டவணை என்று எழுதிவைத்துக்கொண்டால் பிறகு தலைவலி இல்லை.

சமயம் பற்றிய புத்தகங்களில் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்துப் படிக்க வேண்டும். லியோ ஓப்பன்ஹைம் 1964-இல் வந்த நூலில், மெசபடோமிய மதம் என்று ஒன்றை ஏன் எழுதக் கூடாது என்றே ஒரு பகுதிக்குத் தலைப்பு வைத்தார். கோயில் இடிபாடும் சடங்குக் குறிப்பும் அரசர் துதியும் இருக்கின்றன; சாதாரண ஆள் என்ன நம்பினான் என்பதற்கு இவை சாட்சி ஆகாது என்பது அவர் கட்சி. தோர்கில் யாக்கப்சனின் ‘தி ட்ரெஷர்ஸ் ஆஃப் டார்க்னஸ்’ (1976) அதற்கு நேர் எதிர். நான்காம் ஆயிரத்தாண்டில் தெய்வம் விளைச்சல் தருபவர், மூன்றாவதில் ஆளுகிற அரசர், இரண்டாவதில் பெற்றோர் என்று அடுக்கிக்கொண்டு போவார். இறந்துபோகும் மேய்ப்பன் தெய்வமான தூமுசியைப் பற்றிய புலம்பல்களை அவர் மொழிபெயர்த்திருக்கும் அழகு வேறு யாருக்கும் வரவில்லை. ஆனால் அந்த மூன்று படி அவர் கட்டிய படி. பலகைகள் அவ்வளவு ஒழுங்காக ஏறி இறங்குவதில்லை. யாக்கப்சனை முதலில் படித்து மயங்கி, பிறகு ஓப்பன்ஹைமிடம் போய் மயக்கம் தெளியலாம். வரிசை மாறினால் யாக்கப்சனைத் தொடவே மனம் வராது.

பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டியது ஜெரமி பிளாக், ஆந்தனி கிரீன் இருவரின் படம் போட்ட அகராதி, பிரிட்டிஷ் அருங்காட்சியக வெளியீடு, 1992. தெய்வம், பூதம், சின்னம் எல்லாம் அகர வரிசையில். இனன்னாவும் இஷ்தாரும், என்கியும் ஏயாவும், உதுவும் ஷமாஷும் ஒன்றா வேறா என்று தொடக்கக்காரர்கள் தவிப்பார்கள். முன்னது சுமேரியப் பெயர், பின்னது அக்காதியப் பெயர். சேயோனும் ஸ்கந்தனும் ஒன்றான கதை தெரிந்த நமக்கு இது புதிதல்ல. ஒன்றாகிவிட்டாலும் முழுக்க ஒன்றாகிவிடுவதில்லை என்பதும் நமக்குத் தெரியும். முத்திரைப் படத்தில் நாய் நின்றால் மருத்துவ தேவி குலா, ஆட்டுத்தலையும் மீனுடலும் என்றால் ஏயா, பாம்புத்தலை நாகமிருகம் என்றால் பெரும்பாலும் பாபிலோனின் தெய்வம் மர்துக் என்று கண்டுபிடிக்க இந்தக் கோட்டோவியங்கள் போதும்.

வாங்கவே கூடாதவை இரண்டு மூன்று வகை. முதலாவது, நூறு வருஷத்துக்கு முந்தைய, உரிமை முடிந்த நூல்களை ஸ்கேன் எடுத்துப் பளபள அட்டையில் விற்பவை. உள்ளே படங்கள் காணாமல் போயிருக்கும், அடிக்குறிப்பு பக்கத்தின் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு சொல் சோதனை போதும்: நாயகன் பெயர் இஸ்துபார் என்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஸ்மித் 1872-இல் வெள்ளக் கதையை அறிவித்த காலத்தில் அந்த ஆப்புகளை அப்படித்தான் படித்தார்கள். கில்காமேஷ் என்ற சரியான உச்சரிப்பு 1890-இல்தான் தெரியவந்தது. ஸ்மித்தின் சாதனை பெரியது. ஆனால் அவர் நூல் இன்று வரலாற்றின் வரலாறு, பாபிலோனின் வரலாறு இல்லை.

இரண்டாவது, பலகைகளில் தெய்வக் கூட்டமாக வரும் அனுன்னாக்கி என்றால் வேற்றுக்கிரகவாசிகள், நிபிரு என்பது அவர்கள் கிரகம் என்று எழுதுபவை. நேரே ஏனூமா ஏலிஷின் ஏழாம் பலகையைத் திறந்து பாருங்கள். நேபிரு என்பது மர்துக்குக்குச் சூட்டப்படும் பெயர்களில் ஒன்று, அவனுடைய விண்மீன். அங்கே விண்கலமும் இல்லை, தங்கச் சுரங்கமும் இல்லை.

மூன்றாவது நமக்கு நெருக்கமானது. சுமேரியமும் தமிழும் ஒன்று என்று நிறுவும் நூல்கள். சுமேரியத்துக்கு உறுதியான உறவுமொழி எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. ஊர் என்ற சொல்லும் ஊர் என்ற நகரமும் ஒன்றல்லவா என்பார்கள். அந்த நகரத்தைச் சுமேரியர் அழைத்தது உரிம் என்று. அம்மாவுக்கு அங்கே ‘அமா’ என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சொல் உலகத்தின் பாதி மொழிகளில் அப்படித்தான். சொற்பட்டியலை விட்டு வினையைப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். செங்கற்களில் அச்சடித்திருக்கும் ஒரு வினை: ‘மு-ன-டு’. கடைசியில் இருக்கும் ‘டு’தான் கட்டு என்னும் வேர். யாருக்காகக் கட்டினார் என்பதைச் சொல்லும் ‘ன’வும் அதற்கு முன்னுள்ள ‘மு’வும் வேருக்கு முன்னால் நிற்கின்றன. தமிழில் கட்டினான் என்று எல்லாம் வேருக்குப் பின்னால்தான் வரும். இதற்குப் பதில் சொல்லாத புத்தகத்தை மேலே படிக்க வேண்டியதில்லை. உண்மையான தொடர்பு வேண்டுவோர் மெலுஹாவைத் தேடலாம். மெலுஹாவின் கப்பல்கள் தன் துறையில் கட்டி நின்றதாக அக்காத் அரசர் சர்கோன் பெருமையடித்துக்கொள்கிறார். மெலுஹா மொழிபெயர்ப்பாளர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஷூ-இலிஷுவின் முத்திரை பாரிசில் லூவரில் இருக்கிறது. மெலுஹா சிந்துவெளி என்பதில் பெரும்பாலோர்க்கு ஐயமில்லை. அவர்கள் பேசிய மொழி எது என்பது அந்த மொழிபெயர்ப்பாளருக்குத்தான் தெரியும்.

காசில்லாமலும் நிறையப் படிக்கலாம். ஆக்ஸ்போர்டின் சுமேரிய இலக்கியத் தொகுப்புத் தளத்தில் ஏறக்குறைய 400 பாடல்கள் மூலத்தோடும் மொழிபெயர்ப்போடும் கிடைக்கின்றன. அதிலிருந்து தேர்ந்தெடுத்தவை பிளாக்கும் மற்ற மூவரும் சேர்ந்து கொண்டுவந்த ‘தி லிட்டரேச்சர் ஆஃப் ஏன்ஷியன்ட் சுமேர்’ என்ற புத்தகத்திலும் உண்டு. முன்னுரைகள் புத்தகத்தில்தான் இருக்கின்றன, அதற்கு மட்டும் காசு கொடுக்கலாம். 1921-இல் தொடங்கி 2011-இல் முடிந்த சிகாகோ அசிரிய அகராதி முழுவதும் பிடிஎஃப் ஆக இலவசம். மியூனிக் பல்கலைக்கழகத்தின் மின் பாபிலோனிய நூலகத் தளத்தில் கில்காமேஷ் மூலம் புதுத் துண்டு சேரச் சேரத் திருத்தப்பட்டுக்கொண்டே வருகிறது. எந்தத் துண்டு எந்த வரிக்கு என்பதையும் அங்கே பார்க்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே ஜார்ஜின் 1999 பதிப்பு இருக்கிறவர்கள் அதைப் பழைய புத்தகக் கடைக்குத் தள்ள வேண்டாம். சுலைமானியா பலகை பற்றிய 2014 கட்டுரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி, மொழிபெயர்ப்புப் பக்கங்களை மட்டும் அச்செடுத்து ஐந்தாம் பலகையில் செருகிவைத்துக்கொள்ளுங்கள். முதலாம் பலகையில் ஒரு பென்சில் குறியும் வேண்டும். காட்டில் திரிந்த என்கிடுவை வசப்படுத்த வந்த பரத்தை ஷம்ஹத்தோடு அவன் இருந்தது ஆறு பகலும் ஏழு இரவும் என்று அங்கே ஒரு முறைதான் தெரியும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு துண்டை 2018-இல் சரியாகப் பொருத்திப் பார்த்தபோது, அதே போன்ற இன்னொரு வாரமும் இருந்தது தெரியவந்தது. முதல் வாரம் முடிந்ததும் அவன் மிருகங்களிடம் திரும்பிப் போகப் பார்க்கிறான், அவை ஓடிவிடுகின்றன. மனிதரோடு மனிதனாக ஊரில் வாழ மனம் திரும்புவது இரண்டாவது வாரத்துக்குப் பிறகுதான்.